ஹிப் ஹாப் வெட்டி எடுத்தது எந்த ஜாஸை?

#1 ஊசிமுனை

ஜாஸ் ரெக்கார்டுகளைச் சாம்பிள் செய்துதான், அதாவது அவற்றிலிருந்து ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்துப் பயன்படுத்தித்தான், ஹிப் ஹாப் வளர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எந்த ஜாஸ்? இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன், தெலோனியஸ் மங்க் படங்களைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். உண்மையில் எதையெல்லாம் சாம்பிள் செய்தார்கள் என்று பாடல் பாடலாகப் பார்த்தால் அடிக்கடி வரும் பெயர்கள் வேறு. பாப் ஜேம்ஸ், ரானி ஃபாஸ்டர், டொனால்ட் பேர்ட், ராய் ஏயர்ஸ், லானி லிஸ்டன் ஸ்மித், கிராண்ட் கிரீன், லூ டொனால்ட்சன், அகமது ஜமால். காலமும் பெரும்பாலும் 1967-லிருந்து 1977 வரை, ஒரு பத்து வருடம்.

அந்தப் பத்து வருட ரெக்கார்டுகளைத்தான் ஜாஸ் விமர்சகர்கள் அப்போது தீண்டாமல் ஒதுக்கினார்கள். டொனால்ட் பேர்ட் 1973-இல் 'பிளாக் பேர்ட்' கொண்டுவந்தபோது வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. ஹார்ட் பாப் (ஐம்பதுகளின் தீவிர ஜாஸ்) வாசித்த பெரிய ட்ரம்பெட் கலைஞர் டான்ஸ் மியூசிக்குக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். ஆனால் ப்ளூ நோட் கம்பெனி அதுவரை வெளியிட்டதிலேயே அதிகம் விற்றது அந்த ஆல்பம்தான். பிறகு அந்த அலையும் ஓய்ந்தது. எண்பதுகளில் இந்த எல்பிகள் பழைய கடைகளில் அடிமட்ட விலைக்குக் கிடந்தன. அப்பாக்களின் அலமாரியிலும் கிடந்தன. பிரான்க்ஸ், க்வீன்ஸ் பையன்கள் கையில் அகப்பட்டது அதுதான்.

விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. ஸ்விங் ஜாஸில் பேஸ் (அடிச்சுர வாத்தியம்) நடந்துகொண்டே இருக்கும், கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) ஒவ்வொரு பாருக்கும் (தாளச் சுற்றுக்கும்) மாறும், ட்ரம்ஸில் தாளத்தைத் தூக்கிப் பிடிப்பது சிம்பல். அதில் இரண்டு பார் வெட்டி லூப் போட்டால், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டால், நொண்டும். மேலே ராப் பாட இடமும் இருக்காது. 1970 வாக்கில் வந்த சோல் ஜாஸில் பேஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கார்டு இரண்டோ மூன்றோதான். கிக்கும் ஸ்நேரும் (ட்ரம்ஸின் கனத்த அடியும் சுளீர் அடியும்) தனித்தனியாக, துல்லியமாகப் பதிவாகியிருக்கும். வாசித்த காலத்திலேயே பாதி லூப்பாக இருந்த இசை அது.

ஆகவே என் கட்சி இது: ஹிப் ஹாப் எடுத்துக்கொண்டது ஜாஸின் புகழ்பெற்ற பகுதியை அல்ல. யாரும் மதிக்காத பகுதியை. அதிலும் சோலோவை (ஒருவர் தனித்து மனோதர்மமாக வாசிப்பதை) விட்டுவிட்டு, சோலோ தொடங்குவதற்கு முன்னால் வாத்தியக்காரர்கள் காத்திருக்கும் அந்த நான்கு பாரை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

#2 லயப்பித்தன்

நல்ல இழை. ஒரே ஒரு உதாரணத்தைப் பிரித்துக் காட்டுங்களேன், நேரில் கேட்டுப் பார்க்கிறேன். பொதுவாகப் பேசினால் எனக்கு மண்டையில் ஏறாது.

#3 ஊசிமுனை

ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு, 1973-இல் வந்த 'புஹைனா' ஆல்பம், அதில் 'எ சான்ட் ஃபார் பூ'. பிளேக்கி இஸ்லாத்தைத் தழுவியபோது வைத்துக்கொண்ட பெயர் அப்துல்லா இப்ன் புஹைனா. 'பூ' என்று செல்லமாகக் கூப்பிடுவது அவரைத்தான். தொடக்கத்திலேயே ஒரு பேஸ் வரும், அதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஹிப் ஹாப் குழு ஏ ட்ரைப் கால்ட் குவெஸ்ட், 'தி லோ எண்ட் தியரி', 1991, முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்'. அதே பேஸ், தன்னந்தனியாக. அதன்மேல் குழுவின் ராப்பர் க்யூ-டிப் வந்து, என் அப்பா ஹிப் ஹாப்பைக் கேட்டால் பீபாப் (நாற்பதுகளின் வேகமான ஜாஸ்) ஞாபகம் வருகிறது என்பார் என்று சொல்வார். ட்ரம்ஸ் அதற்குப் பிறகுதான் விழும்.

ஆல்பத்தின் பெயரே பேஸ் பக்கத்து அதிர்வெண்களைக் குறிப்பதுதான். அதே ஆல்பத்தில் 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டில் ரான் கார்ட்டரே வந்து நேரடியாக பேஸ் வாசித்திருக்கிறார். மைல்ஸ் டேவிஸின் அறுபதுகளின் குவின்டெட்டில் இருந்த அதே ரான் கார்ட்டர்.

#4 லயப்பித்தன்

கேட்டேன். அண்ணே, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? பிளேக்கி ரெக்கார்டில் அந்த பேஸ் மூன்று மூன்றாகப் போகிறது, நம் கணக்கில் திஸ்ரம். ட்ரைப் பாட்டு நான்கில் ஓடுகிறது. வெட்டி ஒட்டியிருந்தால் மட்டும் இது வராது. மூன்றில் முடிகிற சொற்றொடரை நீட்டி, நாலாவது அடிக்கு இடம் பண்ணி உட்கார வைத்திருக்கிறார் க்யூ-டிப். மிருதங்க வகுப்பில் திஸ்ரத்தில் பழகின ஒரு கோர்வையைச் சதுஸ்ரத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் பையன்கள் முழி பிதுங்கும். இங்கே மூலம் ஒரு ரெக்கார்டு. வாசித்தவரிடம் போய் 'கொஞ்சம் மாற்றி வாசியுங்கள்' என்று கேட்க முடியாது. இருக்கிற ஒலியை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

இதைத் தெரியாமல் பல வருடம் அந்தப் பாட்டை ஓடவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

#5 நடுநிசி

இழையைப் படித்தேன். தம்பிகள் உற்சாகமாக இருக்கிறீர்கள், கெடுக்க மனமில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊசிமுனை தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். சோலோவை எடுக்கவில்லை, காத்திருக்கும் நான்கு பாரைத்தான் எடுத்தார்கள் என்றால், அவர்கள் எடுத்தது ஜாஸே இல்லை என்றுதானே பொருள்? ஜாஸ் என்பது அந்தக் கணத்தில் ஒருவர் என்ன யோசிக்கிறார் என்பது. அகமது ஜமால் ட்ரியோ 'ஐ லவ் மியூசிக்' வாசிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் (1970, 'தி அவேக்கனிங்'). பியானோ எங்கெங்கோ அலைந்து, நின்று, யோசித்து, ஒரு கட்டத்தில் சில விநாடி கண்ணாடிபோலத் தெளிவான ஓர் இடத்துக்கு வருகிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி லூப் போட்டால் அலைச்சல் போய்விட்டது. வந்து சேர்ந்த இடம் மட்டும் மிச்சம்.

ஹிப் ஹாப் குழு கேங் ஸ்டார் 1989-இல் 'வேர்ட்ஸ் ஐ மேனிஃபெஸ்ட்' பாட்டுக்கு 'எ நைட் இன் துனிசியா'வை எடுத்தார்கள், தெரியும். அது பீபாப்தான். விதிவிலக்கு என்று அதை ஒதுக்கிவைத்தால் உங்கள் விதியே மீதியை எனக்குச் சாதகமாகச் சொல்கிறது.

#6 பீட்டுப்பையன்

நடுநிசி சார், மரியாதையோடு மறுக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) செய்கிறவன் நான். என் பக்கத்தையும் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் 'வெட்டினார்கள்' என்று லேசாகச் சொல்ல மாட்டீர்கள். 1987-இல் ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்பிள் செய்யும் பெட்டி வந்தது. மொத்தமாக அதில் 10 விநாடி ஒலிதான் கொள்ளும். ஒரு சாம்பிள் அதிகபட்சம் இரண்டரை விநாடி. ஒலித்தரமும் சிடியைவிடக் குறைவு: 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்; சிடி 16 பிட், 44.1. அதாவது பத்து விநாடிக்குள் ட்ரம்ஸ், பேஸ், ஹார்ன், குரல் எல்லாம் அடங்க வேண்டும்.

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். 33 வேகத்து எல்பியை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்வது. வேகமாக ஓடுவதால் குறைந்த நேரத்தில் அதிகம் அடங்கும். பிறகு பெட்டிக்குள்ளேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவது. அப்படி இறக்கும்போது ஒலியில் ஒரு மணல் கலந்தாற்போல் கரகரப்பு சேரும். தொண்ணூறுகளின் நியூயார்க் ஹிப் ஹாப் என்றாலே காதில் வருமே ஒரு அழுக்கான ட்ரம்ஸ், அது இடப்பற்றாக்குறை கொடுத்த வரம்.

அடுத்தது ஃபில்டர். ஜாஸ் ரெக்கார்டிலிருந்து பேஸ் மட்டும் வேண்டும், ஆனால் மேலே பியானோவும் சிம்பலும் இருக்கிறது. மேல் அதிர்வெண்களை மூடிவிட்டால் பியானோ மங்கி, கீழே பேஸ் மட்டும் உருண்டையாக வரும். தயாரிப்பாளர் பீட் ராக் இதில் மன்னன். அவரும் சி.எல். ஸ்மூத்தும் 1992-இல் செய்த 'தே ரெமினிஸ் ஓவர் யூ' கேளுங்கள். டாம் ஸ்காட் 1967-இல் வாசித்த 'டுடே' ரெக்கார்டின் சாக்ஸ் அதில் இருக்கிறது. மூலத்தை முழுதாகக் கேட்டால் கோரஸ் பாடுகிறது, ஏகப்பட்ட இனிப்பு. அதற்குள்ளிருந்து அந்த சாக்ஸைப் பொறுக்கி, இறந்துபோன நண்பன் டிராய் டிக்சனுக்கு அஞ்சலியாகச் செய்த பாட்டில் வைத்தார்கள். மூலத்தில் அழகாக இருந்த சொற்றொடர் இங்கே அழுகிறது.

ஜமால் விஷயத்துக்கு வருகிறேன். 'ஐ லவ் மியூசிக்'கிலிருந்து அந்த விநாடிகளை எடுத்ததும் பீட் ராக்தான், ராப்பர் நாஸின் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டுக்கு. சார், ஜமால் அலைந்து திரிந்து வந்து சேர்ந்த இடம் அது என்றீர்கள். அதைக் கண்டுபிடிக்க பீட் ராக்கும் கூடவே அலைந்துதானே ஆக வேண்டும்? முழு எல்பியையும் காது கொடுத்துக் கேட்காமல் அந்த இடம் கண்ணில் படாது.

#7 ஸ்கார்பரோகாரி

இந்தச் சண்டை 1988-இலேயே நடந்துவிட்டது, நீங்கள் இருவரும் மறு ஒளிபரப்பு.

மைல்ஸ் டேவிஸோடு எழுபதுகளில் பெர்கஷன் வாசித்தவர் ஜேம்ஸ் எம்டூமே. சாக்ஸ் கலைஞர் ஜிம்மி ஹீத்தின் மகன். சாம்பிளிங் சோம்பேறித்தனம் என்று அவர் வானொலியில் விளாசினார். ப்ரூக்ளின் குழு ஸ்டெட்சசோனிக் அதற்குப் பதிலாக 'டாக்கின் ஆல் தட் ஜாஸ்' என்று ஒரு பாட்டே போட்டார்கள். பழைய கலைஞர்களை மறந்திருந்த தலைமுறைக்கு அவர்களை மறுபடி கேட்க வைத்ததே நாங்கள்தான் என்பது அவர்கள் கட்சி. அந்தப் பாட்டின் அடியில் ஓடும் பேஸ் லானி லிஸ்டன் ஸ்மித்தின் 'எக்ஸ்பான்ஷன்ஸ்', 1975. லானியும் மைல்ஸிடம் வாசித்தவர்தான். ஒரு மைல்ஸ் ஆளுக்கு இன்னொரு மைல்ஸ் ஆளின் ரெக்கார்டை வைத்தே பதில்.

அதோடு முடியவில்லை. எம்டூமே குழுவின் 'ஜூசி ஃப்ரூட்' 1994-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ஜூசி' ஆனது. எம்டூமேயின் பெயரைக் கேட்டிராத பிள்ளைகளுக்கும் இன்று அந்த மெட்டு தெரியும்.

எங்கள் ஊருக்கும் ஒரு வார்த்தை. டொரோண்டோவின் டிரீம் வாரியர்ஸ் 1990-இல் க்வின்சி ஜோன்ஸின் 'சோல் போசா நோவா'வை வைத்துச் செய்த பாட்டு இங்கிலாந்து வரை ஓடியது. நியூயார்க்கைத் தவிர வேறு ஊரே இல்லாத மாதிரி எழுதுகிறீர்கள் எல்லோரும்.

#8 புதுவரவு

சாம்பிள் என்றதும் எனக்குத் தெரிந்தது பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பாம்பூ பங்கா'வில் வரும் தளபதி படத்து 'காட்டுக்குயிலு'தான். அதுவும் இதே வகையா?

#9 ஸ்கார்பரோகாரி

செய்முறை அதேதான் தம்பி, ஆனால் அது ஜாஸ் இல்லையே. தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். இங்கே இழுத்தால் ராஜாவா ரகுமானா என்று முடியும்.

#10 நடுநிசி

கலை விஷயத்தை விடுவோம், இருவருக்கும் ஒத்துவராது. காசு? பீட்டுப்பையன் சொன்ன டாம் ஸ்காட்டுக்கு, ஜமாலுக்கு, கூட வாசித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 'மறுவாழ்வு கொடுத்தோம்' என்பதை வைத்து வாடகை கட்ட முடியுமா?

#11 கறுப்புக்கோட்டு

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இது என் பேட்டை.

ஒரு ரெக்கார்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டை, அதாவது இசையமைப்பை, எழுதியவருக்கு ஒன்று. பதிவான ஒலிக்கு மற்றொன்று. அது பெரும்பாலும் கம்பெனி கையில். சாம்பிள் எடுக்கிறவர் இரண்டு கதவையும் தட்ட வேண்டும். எண்பதுகளில் யாரும் பெரிதாகத் தட்டவில்லை. 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பின் முதல் வரியிலேயே 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையை எடுத்துப் போட்டார். கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டைச் சாம்பிள் செய்த விவகாரம். ஆல்பத்தையே கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதன் பிறகு கம்பெனிகள் உஷாரானார்கள், சாம்பிள் விலை ஏறியது, ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து ரெக்கார்டை அடுக்குவது கட்டுப்படியாகாமல் போனது.

ஆனால் நடுநிசி சார் கேள்விக்குச் சரியான வழக்கு வேறு. ஜேம்ஸ் நியூட்டன், ஜாஸ் புல்லாங்குழல் கலைஞர். 'காயர்' என்று ஒரு உருப்படி, இசிஎம் கம்பெனி 1982-இல் வெளியிட்டது. புல்லாங்குழலை ஊதிக்கொண்டே அதற்குள் குரலால் பாடுவார். ஊதும் சுரம் அசையாமல் நிற்க, குரல் அதை உரசிக்கொண்டு நகரும். இரண்டும் மோதி மூன்றாவதாக ஒரு ஒலி உண்டாகும். அந்த ஆறு விநாடியை ராப் குழு பீஸ்டி பாய்ஸ் 1992-இல் 'பாஸ் தி மைக்' பாட்டு நெடுக லூப் போட்டார்கள்.

கவனியுங்கள், திருட்டுத்தனமாக இல்லை. இசிஎம்முக்கு 1000 டாலர் கொடுத்து ஒலிப்பதிவுக்கு உரிமம் வாங்கினார்கள். இசையமைப்புக்கு வாங்கவில்லை. அது நியூட்டனுடையது. அவர் 2000-இல் வழக்குப் போட்டார்.

நீதிமன்றம் என்ன செய்தது? ஒலிக்குத்தான் உரிமம் இருக்கிறதே, அதனால் ஒலியை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் எழுதியிருக்கும் இசையை மட்டும் பார்த்தது. தாளில் இருப்பது மூன்று சுரம்: சி, டி ஃப்ளாட், மறுபடி சி. நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் ஸ-ரி-ஸ, சுத்த ரிஷபம். அடியில் ஷட்ஜம் நிற்கிறது. அவ்வளவுதான். இந்த மூன்று சுரத்தை எடுத்ததைப் பொருட்படுத்தத்தக்க நகலெடுப்பாகக் கொள்ள முடியாது என்று 2003-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை.

ஸ-ரி-ஸ என்று தாளில் எழுதினால் அதில் கமகம் எங்கே? நியூட்டனின் இசை முழுவதும் இருந்தது அந்தத் தாளில் ஏறாத இடத்தில்தான். ஏறாத இடம் ஒலிப்பதிவில் இருந்தது, ஒலிப்பதிவின் உரிமமோ கம்பெனி கொடுத்தது. என் தனிப்பட்ட கருத்து: சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். ஆனால் எழுதிவைக்கும் இசைக்கு உண்டான அளவுகோலை எடுத்து, ஊதி உண்டாக்கும் இசையை அளந்தார்கள்.

#12 ஊசிமுனை

கறுப்புக்கோட்டு சொன்னதற்கு மேலே ஒன்று. நியூட்டனாவது இசையமைப்பாளர், வழக்குப் போடவாவது வழி இருந்தது. ட்ரம்ஸ் வாசித்தவருக்கு அதுவும் இல்லை.

இட்ரிஸ் முகம்மது. நியூ ஆர்லியன்ஸ்காரர், பிறந்தபோது லியோ மோரிஸ். லூ டொனால்ட்சன் 1967-இல் 'ஓட் டு பில்லி ஜோ' வாசித்தபோது ட்ரம்ஸ் அவர்தான். அந்தத் துள்ளல் எத்தனை ஹிப் ஹாப் பாட்டுகளில் இருக்கிறது என்று எண்ணி மாளாது. பாட்டை எழுதியவர் பாபி ஜென்ட்ரி, பாட்டு உரிமை அந்தப் பக்கம். ஒலிப்பதிவு ப்ளூ நோட்டுடையது. மக்கள் எடுத்தது என்னவோ இட்ரிஸ் அடித்த அடியை. இரண்டு உரிமையிலும் அவருக்குப் பங்கு இல்லை. ஸ்டுடியோவுக்கு வந்தார், வாசித்தார், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

கிராண்ட் கிரீனின் 'அலைவ்!' (1970) நேரடிப் பதிவிலும் அவர்தான். அதிலிருந்துதான் ட்ரைப்பின் 'வைப்ஸ் அண்ட் ஸ்டஃப்' வந்தது. பாப் ஜேம்ஸின் 'நாட்டிலஸ்' பாட்டிலும் அவரே. 1974-இல் வந்த 'ஒன்' ஆல்பத்தில் கடைசிப் பாட்டு அது. எல்பியில் உள்வட்டத்துக்குப் போகப் போக ஒலித்தரம் குறையும், ஆகவே முக்கியமானதை அங்கே வைக்க மாட்டார்கள். அங்கே கிடந்ததை எரிக் பி அண்ட் ரக்கீம் 'ஃபாலோ தி லீடர்' பாட்டுக்கு எடுத்தார்கள், ஸ்லிக் ரிக் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி'க்கு எடுத்தார், கோஸ்ட்ஃபேஸ் கில்லா 'டேடோனா 500'க்கு எடுத்தார். எண்பது தொண்ணூறுகளின் பாதி நியூயார்க் அந்தக் கடைசிப் பாட்டில் குடியிருந்தது.

ஜாஸ் வரலாற்றுப் புத்தகங்களில் இட்ரிஸுக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று நடுநிசி சாரிடமே கேட்கிறேன்.

#13 நடுநிசி

குறைவுதான். கேள்வி நியாயமானது.

அதே சமயம், கம்பெனிகள் இதில் நன்றாகவே பார்த்துக்கொண்டன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லண்டன் குழு அஸ்-த்ரீ முதலில் அனுமதி இல்லாமல் ப்ளூ நோட் ரெக்கார்டு ஒன்றைச் சாம்பிள் செய்தது. கம்பெனி கூப்பிட்டு விசாரித்தது. வழக்குப் போடாமல், எங்கள் கிடங்கு முழுவதையும் எடுத்துக்கொள், ஆல்பத்தை எங்களுக்கே செய்து கொடு என்று முடித்தது. ஹெர்பி ஹான்காக்கின் 'கேன்டலூப் ஐலண்ட்' (1964) இருக்கும் அந்த 'கேன்டலூப்' பாட்டு அப்படி வந்ததுதான். 1993-இல் வந்த அந்த ஆல்பம்தான் அமெரிக்காவில் ப்ளூ நோட்டுக்கு முதல் பிளாட்டினம் (பத்து லட்சம் விற்பனை). தன் சொந்தக் கலைஞர்களின் ஜாஸை வைத்து ஐம்பது வருடமாகக் கிடைக்காதது, அதைத் துண்டு போட்டதும் கிடைத்தது. இதில் நான் சிரிப்பதா அழுவதா?

#14 ஸ்கார்பரோகாரி

சிரியுங்கள் சார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஒரு கீச்சுக் குரல் குழுவை அறிமுகம் செய்யுமே, அது நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பின் அறிவிப்பாளர் பீ வீ மார்க்கெட். 1954-இல் ஆர்ட் பிளேக்கி அங்கே வாசித்த இரவின் பதிவிலிருந்து எடுத்தது. யார் கண்ணிலும் படாத ஓர் அறிவிப்பாளர் நாற்பது வருடம் கழித்து உலகம் முழுக்க ரேடியோவில் வந்தார்.

பிளேக்கி 1990 அக்டோபரில் போய்விட்டார். 'எக்ஸ்கர்ஷன்ஸ்' வந்தது அதற்கு அடுத்த வருடம். 1978-இல் அவர் குழு வாசித்த 'ஸ்ட்ரெச்சிங்'கை வைத்து டிகபிள் பிளானெட்ஸ் 'ரீபர்த் ஆஃப் ஸ்லிக்' செய்தது 1992-இல். அதற்கு கிராமி வேறு. எதையும் அவர் கேட்கவில்லை.

#15 புதுவரவு

நான் இரண்டு பக்கமும் புதுசு. எதிலிருந்து தொடங்குவது?

#16 பீட்டுப்பையன்

ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். ஒரு இரவுக்கு ஒன்று போதும், முதலில் ஜாஸ், பிறகு ஹிப் ஹாப். ரானி ஃபாஸ்டரின் 'மிஸ்டிக் ப்ரூ' (1972), அப்புறம் ட்ரைப்பின் 'எலெக்ட்ரிக் ரிலாக்சேஷன்' (1993). ஸ்டான் கெட்ஸும் லூயிஸ் போன்ஃபாவும் வாசித்த 'சவுடாட்ஜி வெங் கொஹெண்டோ', அப்புறம் ஃபார்சைடின் 'ரன்னின்'. இதில் கெட்ஸின் சாக்ஸைவிட போன்ஃபாவின் கிட்டாரைக் கவனியுங்கள். அகமது ஜமாலின் 'ஸ்வாஹிலிலேண்ட்' (1974), அப்புறம் டி லா சோலின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' (1996).

கடைசி இரண்டு ஹிப் ஹாப் பாட்டையும் செய்தது ஒரே ஆள், டெட்ராய்ட்டின் ஜே டில்லா. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸே வராது.

#17 லயப்பித்தன்

டில்லா பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தூக்கம் கெடுத்த ஆள்.

அவர் பயன்படுத்திய அகாய் எம்பிசி-3000 பெட்டியில் ஒரு வசதி உண்டு. நீங்கள் தட்டியது கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அதுவே இழுத்துக் கட்டத்துக்குள் வைத்துவிடும். டில்லா பல இடங்களில் அந்தச் சௌகரியத்தை வேண்டாம் என்று விட்டார். கையால் தட்டியது தட்டிய இடத்திலேயே இருக்கும். கிக் ஒரு முடி தள்ளி விழுகிறது, ஹை-ஹாட் நேராக நிற்கிறது, ஸ்நேர் கொஞ்சம் அவசரப்படுகிறது. மூன்றும் தனித்தனி மனிதர்கள் மாதிரி. தாளம் தப்பவில்லை, ஆனால் தப்பிவிடுமோ என்று ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது. அந்தப் பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் 2006 பிப்ரவரியில், 'டோனட்ஸ்' வெளிவந்த மூன்றாம் நாள், 32 வயதில் இறந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. ஜாஸ் ட்ரம்மர்கள் அந்தத் தள்ளாட்டத்தை நேரடியாக வாசிக்கப் பழகினார்கள். பியானோக்காரர் ராபர்ட் கிளாஸ்பர் 2007-இலேயே தன் ட்ரியோவில் 'ஜே டில்லாலூட்' என்று டில்லா பீட்டுகளை வரிசையாக வாசித்தார். அவரோடு வாசித்த கிறிஸ் டேவ் கையைப் பாருங்கள்: லூப் எங்கே வெட்டுகிறதோ அங்கே ட்ரம்ஸும் வெட்டுகிறது, மனிதர் வாசிக்கிறார் என்று நம்ப முடியாது. கேரியம் ரிக்கின்ஸ் இன்னும் வேடிக்கை. ரே பிரவுனோடு ஜாஸ் ட்ரம்ஸ் வாசித்தவர், டில்லா முடிக்காமல் விட்ட 'தி ஷைனிங்' ஆல்பத்தை முடித்துக் கொடுத்தவரும் அவரே. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கவே முடியாத ஆள்.

நான் மிருதங்கத்தில் அந்தக் கிக்கை முயன்று பார்த்தேன். தொப்பியில் (இடப்பக்கத்தில்) வேண்டுமென்றே தாமதமாக அடிப்பது எங்கள் வாத்தியார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

#18 நடுநிசி

கிளாஸ்பர் பெயர் எனக்கும் தெரியும். நல்ல கை. 2015-இல் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யில் அவரும் கமாசி வாஷிங்டனும் தண்டர்கேட்டும் நேரடியாக வாசித்ததும் தெரியும். அங்கே துண்டு கிடையாது, ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

பழைய மேக்ஸ் ரோச்சுக்கு இதில் தயக்கமே இருந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஹிப் ஹாப் பிரமுகர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடிக்கு ஞானத்தந்தை, எண்பதுகளின் தொடக்கத்திலேயே ராப்பர்களோடு மேடையேறி ட்ரம்ஸ் வாசித்தார். ஆக ஜாஸ்காரர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று சொல்வது சரியில்லை. மூக்கைப் பொத்தியது என்னைப் போன்ற கேட்பவர்கள்தான் அதிகம்.

ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. சோலோ எங்கே? உங்கள் பொற்காலம் என்கிற அந்தத் தொண்ணூறுகளில், வெட்டாத, லூப் போடாத ஒரு ஜாஸ் சோலோ உள்ள சாம்பிள் பாட்டு ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். கேங் ஸ்டார் ராப்பர் கூருவின் 'ஜாஸ்மடாஸ்' வேண்டாம், அது அதற்கென்றே டொனால்ட் பேர்டையும் மற்றவர்களையும் கூப்பிட்டுச் செய்தது.

#19 பீட்டுப்பையன்

நாஸ், 'இல்மேட்டிக்', 1994. 'லைஃப்ஸ் எ பிட்ச்'. பாட்டு முழுக்கச் சாம்பிள் மேல்தான் ஓடுகிறது. ராப் முடிந்ததும் ட்ரம்பெட் போன்ற ஒரு கார்னெட் வரும். அது ஓலு டாரா, எழுபதுகளில் நியூயார்க் ஜாஸ் வட்டாரத்தில் வாசித்தவர். நாஸின் அப்பா. மகன் பாட்டுக்கு ஸ்டுடியோவில் வந்து வாசித்துவிட்டுப் போனார்.

#20 நடுநிசி

கேட்டேன்.

அப்பாவை அழைத்து வந்து நிறுத்திவிட்டு, அவர் நன்றாகத் தொடங்கியதும் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் முடித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? முழு டேக் எங்காவது வெளியாகியிருந்தால் யாராவது சொல்லுங்கள்.